எண்களால் ஆன விலாசம்

புதிதாக ஒருவரைக் கண்டால் ஊர் பேர் கேட்பது தமிழர் வழக்கம். சமவெளிப் பகுதிகளில் ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் சொன்னால் விடை முடிந்துவிடும். ஊவா மலைகளில் அவ்வளவில் முடிவதில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், மேல் லயமா கீழ் லயமா, எத்தனையாவது காம்பரா என்று கேள்வி படிப்படியாக இறங்கிவந்து, இறுதியில் ஒரு வாசற்படியில் நிற்கும். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் இக்கேள்வி வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நேயர்களுக்குக் கடினமாக இராது. வைஃபை என்று சிறுவரும் சொல்லும் கம்பியில்லா வலையமைப்பை ஒரு பாடசாலையிலோ வாசிகசாலையிலோ அமைக்கும்போது, அதில் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் விலாசம் கொடுப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். நான் வரலாறும் தமிழும் பயின்றவன். மின்னியல் அறிஞன் அல்லேன். ஆயினும் அதிபராய் இருப்பவன் கூரையின் ஒழுக்கையும் பார்க்க வேண்டும், கணினி அறையின் கோளாற்றையும் பார்க்க வேண்டும் என்பது இக்காலத்து நியதி.

விலாசத்தை எண்ணாக எழுதுவது நம் மக்களுக்குப் புதியதன்று. 1901ஆம் ஆண்டளவில், தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்புவதற்குத் தகர வில்லை முறை என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது. சிறு தகர வட்டமொன்றில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து, தோட்டத்தைக் குறிக்கும் எண், ஆளைக் குறிக்கும் தொடர் எண் ஆகிய மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறை முகாமிலும், பின்னர் மண்டபம் முகாமிலும், அந்த வில்லையைக் காட்டியவர் இன்ன தோட்டத்துக்குரியவர் என்று அறிந்து, வழிச்செலவை அத்தோட்டத்தின் கணக்கில் எழுதி அனுப்பிவைத்தார்கள். எழுத்தறியாதவரும் வழி தவறாமல் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ வந்து சேர்ந்தார்கள். மனிதரைப் பொதி போல எண்ணிட்டு அனுப்பிய அச்செயலை நான் புகழ வரவில்லை. அவ்வில்லையின் அமைப்பை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். முகாமில் இருப்பவருக்கு மாவட்டமும் தோட்டமும் தெரிந்தாற் போதும். ஆளின் தொடர் எண் தோட்டத்துக்குள் வந்த பிறகே பயன்படும். முற்பகுதி வழிக்கு, பிற்பகுதி வாசலுக்கு.

கணினிகளின் விலாசமும் இப்படியே அமைந்தது. அதனை ஐ.பி. முகவரி என்பர். 192.168.10.57 என்பது போன்று, புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். அதற்கு மேல் இராது. கணினி ஒவ்வொன்றையும் எட்டு இருமக் குறிகளாக வைத்துக்கொள்வதால், 256 வேறுபாடுகளுக்கு மேல் அதில் இடமில்லை. இந்நான்கு எண்களில் எதுவரை தோட்டத்தின் பெயர், எதிலிருந்து ஆளின் பெயர் என்று காட்டுவதற்குத் துணையாக இன்னொரு எண் வரிசை உண்டு. 255.255.255.0 என்று அதனை அமைப்புப் பக்கங்களில் கண்டிருப்பீர்கள். வலைமறைப்பு என்று அதற்குப் பெயர். 255 நிற்கும் இடமெல்லாம் வலையமைப்பின் பெயர். 0 நிற்கும் இடம் கருவியின் பெயர். இதன்படி 192.168.10 என்பது தோட்டம். 57 என்பது ஆள். இரண்டு கருவிகளின் முதல் மூன்று எண்களும் ஒத்திருந்தால், அவை ஒரே தோட்டத்தார். ஒன்றையொன்று நேரே அழைத்துக்கொள்ளும். ஒத்திராவிட்டால், செய்தியை வாயிலில் இருக்கும் பெட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். ரவுட்டர் என்று கடைகளில் விற்கும் பெட்டி அதுவே. அதற்கப்பால் வழி தேடுவது அதன் பொறுப்பு.

இந்த முறை 1981இல் எழுதி வெளியிடப்பட்டு, 1983ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. யாருக்கு எந்த எண் வழங்கப்பட்டது என்ற கணக்கைத் தொடக்கத்தில் வைத்திருந்தவர் ஜோன் போஸ்டெல் என்னும் ஒரு தனி மனிதர். கைக் குறிப்பாகத் தொடங்கியது அவர் ஏடு. 1998இல் அவர் மறையும் வரை அப்பணியில் இருந்தார். உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கப்பிள்ளை என்றால் தவறாகாது. அதிலும் இரண்டு பேருக்கு ஒரே எண்ணை எழுதிவிடாத கணக்கப்பிள்ளை. இணையம் ஒழுங்காக நடந்ததற்குப் பெரிய பொறிகளைக் காட்டிலும் இத்தகைய பொறுமையான பதிவே காரணம் என்பது என் எண்ணம்.

நான்கு எண்களால் ஆக்கக்கூடிய விலாசங்கள் மொத்தம் 4,294,967,296. அன்று இது வற்றாத கடலாகத் தோன்றியது. ஆனால் ஒரு வீட்டில் நான்கு கைத்தொலைபேசிகள் வந்த பின் கடல் குளமாயிற்று. 2011 பெப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் நடுவில், இலங்கை உட்பட ஆசிய பசிபிக் நாடுகளுக்கு விலாசம் வழங்கும் ஏப்னிக் நிறுவனம் தன் இறுதித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்கு வந்தது. அப்படியானால் இன்று பாடசாலைக்குப் புதிதாக வரும் கருவிகளுக்கெல்லாம் விலாசம் எங்கிருந்து கிடைக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம்.

விடை, தோட்டத்துத் தபால் பையில் இருக்கிறது.

நம் லயங்களில் வாழ்ந்தோருக்கு நெடுங்காலம் தனித்தனித் தபால் விலாசம் இருந்ததில்லை. பல தோட்டங்களில் இந்நிலை இன்னும் முற்றாக மாறிவிடவுமில்லை. பெயரும் தோட்டத்தின் பெயரும் அருகிலுள்ள தபாற்கந்தோரின் பெயரும், அவ்வளவே விலாசம். தோட்டத்து ஆள் ஒருவர் தபாற்கந்தோருக்குச் சென்று, எல்லோருடைய கடிதங்களையும் ஒரே பையில் கொண்டுவந்து தோட்டக் கந்தோரில் சேர்ப்பார். வெளியுலகுக்குத் தெரிந்தது ஒரே விலாசம். உள்ளே பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பது கந்தோரின் வேலை.

ரவுட்டர் பெட்டியும் இவ்வாறே செய்கிறது. அது வெளியே ஒரு விலாசத்துடன் நிற்கிறது. உள்ளே உள்ளவர்களுக்கு, வெளியே செல்லுபடியாகாத உள்ளூர் விலாசங்களைக் கொடுக்கிறது. இப்படி உள்வழக்குக்கென்றே மூன்று தொகுதிகள் 1990களில் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குவன எல்லாம் ஒன்று, 172.16 முதல் 172.31 வரை இரண்டாவது; 192.168 என்று தொடங்குவன மூன்றாவது. இவற்றை உலகில் யார் வேண்டுமானாலும் தம் மதிலுக்குள் எடுத்தாளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எல்லாத் தோட்டங்களிலும் 'ஐந்தாம் நம்பர் லயம்' இருப்பது போல, எல்லா வீடுகளிலும் ஒரு 192.168.1.5 இருக்கலாம், குழப்பம் விளையாது. உள்ளிருந்து ஒரு பிள்ளை வெளியே கேள்வி அனுப்பும்போது, பெட்டி அனுப்புநர் விலாசத்தை மாற்றித் தன் விலாசத்தை இடுகிறது. யார் கேட்டார் என்பதைத் தன் ஏட்டில் குறித்துக்கொள்கிறது. விடை திரும்பி வந்ததும் ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். ஏட்டில் குறிப்பு இல்லாத கடிதம் வந்தால் பெட்டி என்ன செய்யும்? எறிந்துவிடும். உள்ளே இருப்பவர் முதலிற் கேட்டால் விடை வரும். வெளியே இருப்பவர் தாமாக அழைத்தால் வந்து சேராது. இதனால் திருடர் எளிதில் உள்ளே நுழைவதில்லை என்பது ஒரு நன்மை. ஆனால் தனி விலாசம் இல்லாதவன் கேட்க முடியுமேயன்றி அழைக்கப்பட முடியாது என்பது மறுபக்கம். இதன் பொருளை மலையகத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வுக்கு வருமாறு அழைத்த கடிதம், தேர்வு நாள் கழிந்த பின் கந்தோரிலிருந்து கிடைத்ததை என் மாணவர் ஒருவர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். ஒரே பெயரில் மூவர் உள்ள தோட்டத்தில் வங்கிக் கடிதம் வேறொருவர் கைக்குப் போன கதையும் உண்டு. பையைச் சுமந்தவர் மீதோ பிரித்தவர் மீதோ பழி சொல்வது எளிது. வாசலுக்கு எண் இல்லாமையே குறையின் வேர்.

தொலைபேசிக் கம்பனிகள் இம்முறையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரை ஒரே வெளி விலாசத்தின் பின்னால் நிறுத்துவதற்காக, 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதி 2012இல் ஒதுக்கப்பட்டது. தோட்டக் கந்தோருக்கு மேலே இன்னொரு பெரிய கந்தோர் என்று கொள்க. உங்கள் பெட்டியின் வெளி விலாசம் இத்தொகுதியில் இருப்பதைக் கண்டால், உங்களுக்கென்று உலகறிந்த விலாசம் இல்லை என்று பொருள். வீட்டிலுள்ள கமராவை ஊருக்கு வெளியிலிருந்து நேரே பார்க்க முடியவில்லை என்று சிலர் குறைப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இனி வலையமைப்பை அமைக்கும் வேலைக்கு வருவோம். 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலத்தை ஊவா மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ என்னும் சிற்றூரில், ஆசிரியையும் மாணவர்களும் அலைவரிசை தேடிப் பாறை ஏறிய படம் உலகெங்கும் வெளியாயிற்று. லுணுகலைப் பக்கத்தில், காட்டினுள் மலையுச்சியில் இருந்த ஒரு மரக்குடிலுக்குப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று, முறை வைத்துப் பாடங்களை இறக்கினார்கள். அலைவரிசை எட்டாமை ஒரு துன்பம். அதனை நாம் நம் கையால் தீர்க்க இயலாது. ஆனால் அலைவரிசை எட்டிய பாடசாலையில், பெட்டியும் வாங்கி வைத்த பிறகு, விலாசம் கொடுத்த முறை பிழைத்ததால் பிள்ளைகள் வெறுந்திரையைப் பார்த்திருப்பது நம்மால் தீர்க்கக்கூடிய துன்பம்.

விலாசம் கொடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, நாமே ஒவ்வொரு கருவியின் அமைப்புப் பக்கத்தையும் திறந்து எண்ணை எழுதிவிடுவது. இது நிலையான விலாசம். மற்றது, பெட்டியே தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது. 1990களில் வகுக்கப்பட்ட இம்முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். புதிதாக வந்த கருவி, யாரை நோக்கியும் அன்றிப் பொதுவாக, 'இங்கே விலாசம் தருவார் உண்டோ?' என்று குரல் கொடுக்கும். பெட்டி, 'உண்டு, 192.168.10.157 காலியாக இருக்கிறது, கொள்கிறாயா?' என்னும். கருவி, 'அதையே எனக்குத் தருக' என்னும். பெட்டி, 'தந்தேன்; இரண்டு மணி நேரத்துக்கு அது உனது' என்று பதிந்துகொள்ளும். காலைப் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பதையும் மலை பிரித்து விடுவதையும் பார்த்தவர்களுக்கு இவ்வுரையாடல் விளங்கும். விலாசத்துடன் வாயிற்பெட்டியின் எண்ணும், தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் கணினியின் எண்ணும் சேர்ந்தே கிடைக்கும். தவணை பாதி கழிந்ததும் கருவி தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். கேட்காமற் போய்விட்டால், தவணை முடிவில் அந்த எண் இருப்புக்குத் திரும்பும்.

வந்து போகும் கருவிகளுக்கு இந்தத் தவணை விலாசமே தக்கது. கைத்தொலைபேசிக்கு நிலையான எண் எழுதுவது, ஒரு நாள் விருந்தினருக்குக் காம்பரா எழுதிக்கொடுப்பது போன்றது. ஆனால் பிறர் தேடிவந்து பயன்படுத்தும் பொருள்கள் இடம் மாறலாகாது. அச்சுப்பொறி, பாடங்கள் வைத்திருக்கும் கணினி, கம்பியில்லா அலையைப் பரப்பும் துணைப் பெட்டிகள் ஆகியன என்றும் ஒரே வாசலில் இருக்க வேண்டும்.

ஆதலால், முதலிற் காணியைப் பங்கிட்டுக்கொள்க. ஒரு சாதாரணப் பாடசாலைக்கு 192.168.10 என்னும் வலையமைப்பை எடுத்துக்கொண்டால், 1 முதல் 254 வரை பயன்படுத்தத்தக்க எண்கள் உள்ளன. 1 வாயிற்பெட்டிக்கு. 2 முதல் 9 வரை துணைப் பெட்டிகளுக்கு. 10 பாடக் கணினிக்கு. 11 முதல் 19 வரை அச்சுப்பொறிகளுக்கு. 20 முதல் 59 வரை கணினி அறைக்கு. 100 முதல் 250 வரை பெட்டி தன் விருப்பப்படி தவணைக்கு வழங்கட்டும். இடையில் உள்ளவற்றை நாளைய தேவைக்கு வெறுமையாக விடுக. கடையிலிருந்து வரும் பெட்டிகளில் இருக்கும் 192.168.1 அல்லது 192.168.0 என்பதை நான் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். இணையக் கம்பனி தரும் பெட்டியிலும் பல வேளைகளில் அதுவே இருக்கும். அதன் பின்னால் நம் பெட்டியையும் அதே எண்ணுடன் வைத்தால், உள்ளும் புறமும் ஒரே தோட்டமாகித் தோன்றி, செய்தி எப்பக்கம் போவது என்று அறியாமல் நின்றுவிடும்.

பசறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தவணைப் பரீட்சைத் தாள்கள் அச்சிட வேண்டிய வாரம். அச்சுப்பொறி ஒரு நாள் இயங்கும், மறுநாள் இயங்காது, மாலையில் தானே உயிர்பெறும். மை மாற்றினார்கள், கம்பி மாற்றினார்கள், பொறியையே குறை கூறினார்கள். பொருத்த வந்த தொழில்நுட்பவியலாளர் அதற்கு 105 என்ற நிலையான எண்ணை எழுதிச் சென்றிருந்தார். பெட்டியோ 100இலிருந்து 200 வரை தவணைக்கு வழங்கிக்கொண்டிருந்தது. அச்சுப்பொறி அணைந்திருந்த வேளையில் காலையில் வந்த யாரோ ஓர் ஆசிரியரின் கைத்தொலைபேசிக்கு 105 கிடைத்துவிடும். அவர் பாடசாலையில் இருக்கும் வரை இருவருக்கும் ஒரே விலாசம். அவர் வீடு சென்றதும் பொறி நலமடையும். நிலையான எண் எப்பொழுதும் தவணை இருப்புக்கு வெளியே இருக்க வேண்டும் என்னும் ஒரு விதியைக் கைக்கொண்டதும் நோய் தீர்ந்தது.

பதுளைப் புகையிரதப் பாதையில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவரும் வில்லை முறையை நேயர்கள் பார்த்திருக்கலாம். வளையத்தில் கோத்த வில்லையைப் புகையிரத நிலைய அதிபர் சாரதியிடம் கொடுப்பார். ஒற்றைப் பாதையின் அப்பகுதிக்கு ஒரு வேளையில் ஒரே வில்லைதான் வெளிவரும். அது கையில் இல்லாத வண்டி உள்ளே போகலாகாது. விலாசமும் அத்தகையது. ஒரு வேளையில் ஓர் எண் ஒரு கையில் மட்டுமே.

இதனினும் பெரிய தொல்லை, ஒரே வலையமைப்பில் விலாசம் வழங்குவோர் இருவர் ஆகிவிடுவது. மேல் மாடிக்கு அலை எட்டவில்லை என்று, யாரோ தம் வீட்டிலிருந்து பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டிவிடுவார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அப்பெட்டியும் தன் பங்குக்கு விலாசம் கொடுக்கத் தொடங்கும். கருவி குரல் கொடுத்ததும் யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததை அது வாங்கிக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு இணையம் வரும், சிலருக்கு வாராது, இடம் மாறி அமர்ந்தால் நிலைமையும் மாறும். ஓர் உறையில் இரு வாள் என்பது இதுவே. அலையை நீட்டிக்க வேண்டுமானால், இரண்டாம் பெட்டியின் விலாசம் வழங்கும் வேலையை முதலில் நிறுத்திவிட்டு, அதற்கு 2 அல்லது 3 என்று ஒரு நிலையான எண் கொடுத்து, அலை பரப்பும் வேலையை மட்டும் செய்ய விட வேண்டும். கருங்கற் சுவர்களால் ஆன நம் பழைய கட்டடங்களில் இத்தகைய துணைப் பெட்டி இன்றியமையாதது.

மூன்றாவது நோய், இருப்புத் தீர்ந்துபோவது. பெற்றோர் கூட்டத்தன்று இருநூறு பேர் வருவார்கள். ஒவ்வொருவர் பையிலும் ஒரு தொலைபேசி. தவணை 24 மணி நேரம் என்று இருந்தால், காலையில் வந்து அரைமணியில் போனவரின் எண்ணும் மறுநாள் வரை அடைபட்டுக் கிடக்கும். பத்து மணிக்குப் பின் வருபவருக்கு ஒன்றும் இராது. தவணையை ஒரு மணி அல்லது இரண்டு மணியாகக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். போதாவிட்டால் வலைமறைப்பை 255.255.254.0 என்று மாற்றினால் 510 எண்கள் கிடைக்கும். விலாசம் கிடைக்காத கருவியைக் கண்டுகொள்ள ஓர் அடையாளமும் உண்டு. கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால், அது யாரிடமும் விடை பெறாமல் தானாகவே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு நிற்கிறது என்று அறிக. அப்பொழுது அந்தக் கணினியைக் கடிந்து பயனில்லை. பெட்டியையும் இடைவழியையும் பார்க்க வேண்டும்.

கணினி அறைக் கணினிகளுக்கு ஒவ்வொன்றாய் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பன்னிரண்டு குறிகள் கொண்ட ஓர் அடையாள எண் இடப்பட்டிருக்கிறது. மாக் முகவரி என்பர். பிறப்புச் சான்றிதழ் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த மாக் எண்ணுடையவன் வந்தால் 21ஐக் கொடு' என்று பெட்டியில் ஒருமுறை பதிந்துவிட்டால், அது என்றும் அதையே கொடுக்கும். கைத்தொலைபேசிகளில் மட்டும் இம்முறை இப்பொழுது சரிவருவதில்லை. 2019, 2020 ஆண்டுகளுக்குப் பின் வந்த கைத்தொலைபேசிகள் தம்மைப் பிறர் பின்தொடராதிருக்க வலையமைப்புக்கு வலையமைப்பு வேறு அடையாள எண்ணைக் காட்டும் பழக்கத்தைக் கொண்டிருக்கின்றன. அது தவறன்று, மாறுவேடத்தில் வருபவருக்குத் தவணை விலாசமே போதும்.

இவை எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த எண், எந்தக் கருவி, எந்த அறை, யார் பொருத்தினார், என்று பொருத்தினார் என்னும் ஐந்து நிரல்கள் போதும். கணினிக்கே ஏடு தெரியுமே என்று இளைஞர்கள் சொல்வார்கள். பெட்டி மின்னலில் எரிந்துபோனால் அதன் ஏடும் போய்விடும்; இடிமின்னலுக்கு நம் மலைகளில் குறைவில்லை. பெயரேடு என்னும்போது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருவதுண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அகப்பட்டவர் எத்தனை பேர் என்று முதற் சில நாட்களிற் சொல்லப்பட்ட எண்ணிக்கைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. அந்நாட்களில் பதுளையில் ஆசிரியராக இருந்தவர்கள் எவரும் வரவுப் பதிவேட்டை அதன் பின் பழைய கண்ணுடன் பார்த்ததில்லை.

விலாசப் பஞ்சம் நிரந்தரமானதன்று. ஐ.பி.யின் ஆறாம் பதிப்பு என்று 1998இல் வகுக்கப்பட்ட முறையில், விலாசங்களின் தொகை 340 என்னும் எண்ணின் பின் 36 சுழிகளை இட்டால் வருவது. ஒவ்வொரு காம்பராவின் ஒவ்வொரு மின்விளக்குக்கும் உலகறிந்த தனி விலாசம் கொடுக்கலாம். தோட்டக் கந்தோரின் பை தேவையில்லை. இலங்கையின் தொலைத்தொடர்பு வலையமைப்புகளிலும் அது பரவி வருகிறது. இரண்டு பதிப்புகளும் ஒருங்கே இயங்கும் காலம் இது. ஆதலால் மேலே சொன்ன பழைய எண்களை இப்பொழுதே கைவிடுவதற்கில்லை.

10 என்ற எண்ணைப் பாடக் கணினிக்கு ஒதுக்கினேன் அல்லவா? அதைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். இணைய இணைப்பு அறுந்துபோனாலும், தரவுப் பணம் தீர்ந்துபோனாலும், மதிலுக்குள் உள்ள வலையமைப்பு அறுவதில்லை. சிறிய கணினி ஒன்றில் கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அதில் இறக்கி வைக்கலாம். ஆசிரியர்கள் எழுதிய பாடக் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், பதிவு செய்த விளக்கங்கள் யாவற்றையும் அருகில் சேர்க்கலாம். மழை பெய்து மலை வழியெல்லாம் மூடிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும், பாடசாலையின் அலை எட்டும் தூரத்தில் அமர்ந்து ஒரு பிள்ளை கட்டணமின்றி அவற்றைப் படிக்கலாம். அதற்கு அப்பிள்ளை அறிய வேண்டியது ஒன்றே: 192.168.10.10. இன்று 10, நாளை 143 என்று அக்கணினி இடம் மாறிக்கொண்டிருந்தால், உள்ளே எத்தனை நூல்கள் இருந்தும் கதவைக் காணமாட்டார்கள். எனவே அவ்வெண்ணை நிலையாக எழுதி, கணினி அறையின் கதவிலும், மதிலின் வெளிப்புறத்தில் பிள்ளைகள் வந்து அமரும் படிக்கட்டுக்கு மேலேயும், தூரத்தில் நின்றே படிக்கும்படி வர்ணத்தால் தீட்டி வைக்கலாம்.